பிளாட்டினம் வினையூக்கிக்கு எந்தச் சூடு, எந்தக் காற்றில்?

"அலுமினாவில் ஏற்றிய பிளாட்டினத்தை எத்தனை டிகிரியில் சுட வேண்டும்?" கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையூக்கி செய்ய இறங்கும் மாணவர்களும் சிறு பட்டறைக்காரர்களும் முதலில் கேட்பது இதைத்தான். அந்தக் கேள்வியில் பாதி விடுபட்டிருக்கிறது. எந்தத் தாங்கியின் (அலுமினியம் ஆக்சைடான அலுமினா போல, பிளாட்டினத்தைச் சுமக்கும் பொடி) மேல், எந்த வாயுவில், எதற்குப் பின் எது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்த நெல்லைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒரே மண், ஒரே சூளை. காற்றுப் பட்ட புறம் சிவந்தது, காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன. பிளாட்டினத்துக்கும் அதே கணக்குத்தான்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கு. பிளாட்டின உப்பை ஏற்றி உலர்த்தியதும் நேராக ஹைட்ரஜனில் ஒடுக்கலாம், அதாவது உலோகமாக்கலாம். காற்றில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸில் சுட்டுவிட்டு ஒடுக்கலாம். காற்றிலேயே 800 டிகிரி வரை ஏற்றலாம். அப்படி 800 பார்த்த பொருளை நீராவியாலோ ஒடுக்கத்தாலோ மறுபடி எழுப்பலாம். எல்லாருக்கும் பொருந்தும் ஒன்று இவற்றில் இல்லை. எது எங்கே தோற்கும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லலாம்.

சூடு எதை மாற்றுகிறது

வினை நடப்பது பிளாட்டினத் துகளின் மேற்பரப்பில் மட்டும். உள்ளே புதைந்த அணுவுக்கு வேலை இல்லை. துகள் 1.1 நானோமீட்டர் என்றால் ஏறக்குறைய எல்லா அணுவும் வெளியே தெரியும். 2 நானோமீட்டரில் பாதிக்குச் சற்று மேல், 5 நானோமீட்டரில் ஐந்தில் ஒன்று, 20 நானோமீட்டரில் நூற்றுக்கு ஐந்தோ ஆறோதான். 2 நானோமீட்டர்த் துகளை 20 ஆகப் பருக்கவிட்டால், வாங்கிய பிளாட்டினத்தில் பத்தில் ஒரு பங்குதான் உழைக்கிறது என்று பொருள்.

தாழ்ந்த வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை முழுக்க மூடிக்கொள்கிறது; ஆக்சிஜன் உட்கார இடம் கிடைப்பதில்லை. இர்விங் லாங்மியூர் 1922-லேயே விளக்கிய விஷயம் இது. அதனால்தான் கார்பன் மோனாக்சைடின் செறிவைக் கூட்டினால் வேகம் குறைகிறது. சூடு ஏறி, மூடியிருந்த மூலக்கூறுகள் விலகத் தொடங்கியதும் வினை சட்டென்று பற்றிக்கொள்கிறது. பாதி எரியும் வெப்பநிலையை டி-50 என்கிறோம். மேற்பரப்பு இப்படி மூடிக் கிடக்கும் நிலையில், வெளியே தெரியும் ஒரு அணுவின் வேகம் துகளின் அளவைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. ஆகவே அலுமினா, சிலிக்கா போன்ற செயலற்ற தாங்கிகளில் கேள்வி ஒன்றே: எத்தனை அணு வெளியே தெரிகிறது? சீரியா (சீரியம் ஆக்சைடு) போன்ற, தானே ஆக்சிஜன் தரும் தாங்கியில் கணக்கு வேறு. பிளாட்டினமும் சீரியாவும் தொடும் விளிம்பில்தான் அங்கே வேலை நடக்கிறது.

துகள் ஏன் பருக்கிறது? பிளாட்டினம் உருகுவது 1,768 டிகிரியில். கெல்வின் கணக்கில் அதில் பாதி, அதாவது 750 டிகிரி செல்சியஸ் சுமாரில், அணுக்கள் தாராளமாக நகரும் என்பது பழைய கைக்கணக்கு. காற்றில் சுடும்போது இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சுமார் 600 டிகிரியைத் தாண்டினால் பிளாட்டினம் ஆக்சைடு நிலைக்காமல் உலோகமாகிறது. இன்னும் ஏற்றினால் உலோகத்திலிருந்து பிளாட்டினம் டை ஆக்சைடு ஆவியாகக் கிளம்பி, சிறு துகளை விட்டுப் பெரிய துகளில் போய் ஒட்டுகிறது. ஹைட்ரஜனில் இந்த ஆவி கிடையாது. அதனால் ஒரே 800 டிகிரி என்றாலும் ஹைட்ரஜனைவிடக் காற்றுதான் துகளை அதிகம் பருக்கவைக்கும்.

எல்லா வழிக்கும் பொதுவான தொடக்கம்

ஒப்பிட வேண்டுமானால் ஒரே கலத்தில் ஏற்றிய ஒரே மாதிரியைப் பங்கிட்டுத்தான் சுட வேண்டும். 10 கிராம் காமா அலுமினாவை (பரப்பு மிகுந்த அலுமினா வகை) எடுத்து, அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று முதலில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். கிராமுக்கு அரை மில்லிலிட்டர் என்று வைத்தால் மொத்தம் 5 மில்லிலிட்டர். நூற்றுக்கு ஒரு பங்கு பிளாட்டினம் ஏற்ற 0.101 கிராம் உலோகம் வேண்டும். குளோரோபிளாட்டினிக் அமிலம் ஹெக்சாஹைட்ரேட் என்றால் 0.27 கிராம்; டெட்ரா அமைன் பிளாட்டினம் நைட்ரேட் என்றால் 0.20 கிராம். அதை அந்த 5 மில்லிலிட்டரில் கரைத்து, கிளறிக்கொண்டே சொட்டுவிடுங்கள். முழுவதும் விட்டபின்னும் பொடி ஈர மணல்போல் உதிரியாக நிற்க வேண்டும். கூழானால் அளவு கூடிவிட்டது. உலரும்போது உப்பு மேலேறி ஓரத்தில் படியும்.

குளோரோபிளாட்டினிக் அமிலம் ஈரத்தை இழுத்து நீராகிவிடும் பொருள். ஐப்பசி அடைமழையில் திருநெல்வேலியில் குப்பியைத் திறந்து ஆற அமர எடை போட்டால், போட்ட எடையில் ஒரு பங்கு தண்ணீர்தான். மழை மாதங்களில் புட்டி வந்த அன்றே முழுவதையும் கரைசலாக்கி, அதன் பிளாட்டினச் செறிவை அளந்து, மில்லிலிட்டர் கணக்கில் எடுப்பதே நல்லது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் இங்கே ஆகாது. குழாய்நீரின் சோடியமும் குளோரைடும் மாதிரியில் ஏறிவிடும். அயனி நீக்கிய நீர்தான் வேண்டும்.

உலர்த்துவது 110 டிகிரியில் 12 மணி நேரம். இதில் அவசரம் கூடாது. ஈரத்தோடு நேராக 450-க்குப் போனால் துளைக்குள் நீர் கொதித்து உப்பை வெளியே தள்ளிவிடும்.

நேராக ஒடுக்குவதும், சுட்டு ஒடுக்குவதும்

நேராக ஒடுக்குவதில் ஒரு படி மிச்சம், மின்சாரமும் மிச்சம். சிலிக்காவில் குளோரோபிளாட்டினிக் அமிலம் ஏற்றியவர்களுக்கு இதுவே சரியான வழி. சிலிக்கா அந்த உப்பைப் பிடித்து வைப்பதில்லை. காற்றில் சுட்டால் உப்பு உடையும்போதே பெரிய படிகங்களாகத் திரண்டுவிடும். 300 முதல் 400 டிகிரியில் ஹைட்ரஜனில் ஒடுக்கினால் திரட்சி குறைகிறது.

அமைன் உப்பு என்றால் இதற்கு நேர்மாறு. டெட்ரா அமைன் உப்பை நேராக ஹைட்ரஜனில் சூடாக்கினால், நடுவழியில் மின்னூட்டம் இல்லாத ஒரு ஹைட்ரைடு உண்டாகிறது. தாங்கி அதைப் பிடிக்காது. அது மேற்பரப்பில் ஓடித் திரண்டு, 1 நானோமீட்டர் எதிர்பார்த்த இடத்தில் 5, 10 என்று வந்து நிற்கும். இந்த உப்பை முதலில் காற்றில், நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் போகாமல், 350 வரை ஏற்றி அமோனியாவைக் கழித்துவிட்டுத்தான் ஹைட்ரஜனுக்குக் கொண்டுபோக வேண்டும். உப்பை மாற்றிவிட்டுச் சூட்டுமுறையை மாற்றாமல் விடுவதுதான் ஆய்வக ஒப்பீடுகளைக் கெடுக்கும் முதல் காரணம்.

அலுமினாவுக்கு எங்கள் முதல் தேர்வு சுட்டு ஒடுக்குவதே. காற்றில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 450-க்கு ஏற்றி, 3 மணி நேரம் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் பிளாட்டினம் ஆக்சிஜனும் குளோரினும் சேர்ந்த ஒரு வடிவில் அலுமினாவோடு கட்டுண்டு பரவியிருக்கும். பிறகு ஆர்கானோ நைட்ரஜனோ 30 நிமிடம் ஓட்டிக் காற்றை முழுக்க வெளியேற்றி, ஆர்கானில் 5 விழுக்காடு கலந்த ஹைட்ரஜனில் 300 டிகிரியில் 2 மணி நேரம் ஒடுக்குங்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை வெடிக்கும். அந்த 30 நிமிடத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒடுக்கி முடிந்ததும் அதே 300 டிகிரியில் அரைமணி நேரம் ஆர்கான் ஓட்டி, ஒட்டிய ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு ஆறவிடுங்கள். கழற்றாமல் அறைக் காற்றில் திறந்தால் பொடி கணகணவென்று சூடாகும். நீங்கள் பொறுமையாகக் கட்டிய துகள் அந்த ஒரு நிமிடத்தில் பருக்கும்.

இதில் பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் மூசை. மஃபிள் பர்னஸில் (மூடிய பெட்டி உலை) ஆழமான மூசை நிறையப் பொடியைக் கொட்டிச் சுட்டால், கிளம்பும் நீராவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெளியேற வழியின்றிப் பொடிக்குள்ளேயே சுற்றி வரும். மேலே ஒரு வினையூக்கி, அடியில் வேறொரு வினையூக்கி. படகுக் கிண்ணத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, குழாய் பர்னஸில் கிராமுக்கு நிமிடத்துக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் காற்று ஓடவிட்டுச் சுட்டால் இந்த வேறுபாடு மறையும். மஃபிள் மட்டும்தான் இருக்கிறது என்றால் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஒரே தடவையில் 2 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள்.

குளோரைடு இந்தச் சூட்டில் முழுக்கப் போகாது. மிஞ்சியது டி-50-ஐ மேலே தள்ளும். அலுமினாவில் ஈரம் கலந்த ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கழற்றும். சீரியாவில் குளோரின் உப்பே வேண்டாம்; ஒடுக்கும்போது சீரியம் ஆக்சிகுளோரைடாகித் தாங்கியே கெடும். சீரியாவுக்கு அமைன் நைட்ரேட்தான்.

800 டிகிரி: ஒரு தாங்கிக்குக் கேடு, ஒரு தாங்கிக்கு வரம்

அலுமினாவில் காற்றில் 800 டிகிரி, பத்து மணி நேரம் என்றால் துகள்கள் பத்து, இருபது நானோமீட்டரைத் தாண்டிவிடும். அலுமினாவும் தன் பங்குக்கு காமாவிலிருந்து தீட்டாவுக்கு நகரத் தொடங்கும்; 1,100-ஐ ஒட்டி ஆல்ஃபா ஆகிவிட்டால் கிராமுக்கு 200 சதுர மீட்டர் இருந்த பரப்பு பத்துக்கும் கீழே இறங்கும். லாந்தனம் என்ற அருமண் தனிமத்தைச் சில விழுக்காடு சேர்த்தால் தாங்கி தாக்குப்பிடிக்கும். பிளாட்டினத்தின் ஆவியை லாந்தனம் தடுக்காது.

அதே சூடு சீரியாவில் வேறு வேலை செய்கிறது. 2016-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. லாந்தனம் சேர்த்த அலுமினாவில் ஏற்றிய பிளாட்டினத்தைச் சீரியாப் பொடியோடு கலந்து 800 டிகிரி காற்றில் வைத்தபோது, அலுமினாவிலிருந்து கிளம்பிய பிளாட்டினம் டை ஆக்சைடு ஆவியைச் சீரியாவின் படிகளும் குறைபாடுகளும் ஒவ்வோர் அணுவாகப் பிடித்து வைத்துக்கொண்டன. தண்டு வடிவச் சீரியாவும் பன்முக வடிவச் சீரியாவும் நன்றாகப் பிடித்தன. கனசதுர வடிவம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அலுமினாவில் துகளைப் பருக்கவைக்கும் அதே ஆவிதான் சீரியாவில் பிளாட்டினத்தைப் பிரித்துப் பரப்புகிறது.

ஆனால் இப்படிச் சிக்கிய தனி அணு தாழ்ந்த வெப்பநிலையில் சோம்பேறி. நாற்புறமும் ஆக்சிஜனால் கட்டுண்ட அந்த அயனியின் மேல் கார்பன் மோனாக்சைடு ஒட்டும். அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 2,095 அலைகளை ஒட்டி ஒரு கூரிய முகடாகத் தெரியும். ஆக்சிஜன் கொடுத்தாலும் எளிதில் எரியாது. பரவல் (வெளியே தெரியும் அணுக்களின் பங்கு) நூற்றுக்கு நூறு என்று மகிழ்ந்தவர்கள் டி-50-ஐப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

எழுப்ப இரண்டு வழி. ஒன்று, 750 டிகிரியில் நீராவி கலந்த காற்றில் சில மணி நேரம் வைப்பது. 2017-ல் அதே இதழில் வந்த ஆய்வில், இப்படிச் செய்த பொருள் 150 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கார்பன் மோனாக்சைடை முழுக்க எரித்தது. நீராவி, பிளாட்டினத்தை ஒட்டிய சீரியா ஆக்சிஜனை எளிதில் தரும் வடிவுக்கு மாற்றுகிறது. மற்றது, 275 முதல் 300 டிகிரியில் கார்பன் மோனாக்சைடிலோ ஹைட்ரஜனிலோ ஒடுக்குவது. அப்போது தனி அணுக்கள் சேர்ந்து மிகச் சிறிய உலோகத் திரள்களாகின்றன. அவற்றின் விளிம்பில் சீரியாவின் ஆக்சிஜன் தயாராக நிற்கிறது. இந்த இரண்டில் தாழ்வெப்பத் திறன் மட்டும் வேண்டுவோர் ஒடுக்கத்தையும், புகைக்குழாயில் வைப்போர் நீராவியையும் எடுக்கலாம். காரணம் எளிது: எரிபொருள் எரிந்த புகையில் நீராவி எப்படியும் இருக்கும், ஒடுக்கி எழுப்பியது ஆக்சிஜன் மிகுந்த சூட்டில் மெல்லப் பழைய தூக்கத்துக்குத் திரும்பும்.

விலை என்னவென்றால், சீரியாவின் பரப்பும் 800 டிகிரியில் நன்றாகவே சுருங்கும். சுருங்கிய பரப்பில் இடம் கிடைக்காத பிளாட்டினம் துகளாகத் திரளும். 1 விழுக்காட்டுக்கு மேல் பிளாட்டினம் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் சுட்ட சீரியாவின் பரப்பை அளந்து பார்ப்பது நல்லது.

டைட்டானியாவை (டைட்டானியம் டை ஆக்சைடு) சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் இல்மனைட் இருக்கிறது, டைட்டானியா எடுக்க உதவும் கனிமம் அது என்பதால் நம் பக்கத்தில் அதன்மேல் தனி ஆசை உண்டு. ஹைட்ரஜனில் 200 டிகிரிக்கு மேல் போகாதவரை அது நல்ல தாங்கி. 500 டிகிரி ஹைட்ரஜன் கொடுத்தால், ஒடுங்கிய டைட்டானியா ஒரு மெல்லிய தோலாகப் பிளாட்டினத்தின் மேல் ஏறி மூடிவிடுகிறது. வாயு ஒட்டுவதே ஏறத்தாழ நின்றுபோகும். 1978 முதல் அறியப்பட்ட விளைவு இது. 400 டிகிரி ஆக்சிஜனில் வைத்து, 200-ல் மறுபடி ஒடுக்கினால் தோல் விலகும்.

அளவீட்டில் ஏமாறும் இடங்கள்

பர்னஸ் முகப்பில் தெரியும் எண் சுவரின் சூடு. பொடிக்குள் 20, 30 டிகிரி வேறுபடலாம். குவார்ட்ஸ் உறைக்குள் கே வகைத் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) விட்டுப் பொடியைத் தொடவைத்து, ஒருமுறை எல்லா வெப்பநிலைக்கும் அட்டவணை போட்டுவையுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். காற்றில் சுடும்போது போனால் பாதகமில்லை. வந்ததும் மீதி நேரத்தைத் தொடரலாம். ஹைட்ரஜனில் இருக்கும்போது போனால் வாயு அளவி வால்வை மூடிக்கொள்ளும், குழாய் ஆறி உள்ளே அழுத்தம் குறையும், வெளிப்பக்கக் குமிழிக் குடுவையின் நீர் உறிஞ்சப்பட்டுச் சூடான குவார்ட்ஸுக்குள் பாயும். குவார்ட்ஸ் தாங்கினாலும் மாதிரி போயிற்று. குமிழிக்கு முன் ஒரு காலிக் குடுவை வையுங்கள். கையால் திறக்கும் ஆர்கான் வழி ஒன்று தனியாக இருக்கட்டும்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் பிளாட்டினத்தின் முதன்மை முகடு 39.8 டிகிரிக் கோணத்தில் வரும். காமா அலுமினாவுக்கும் 39.5-ஐ ஒட்டி ஒரு முகடு உண்டு. அதைப் பிளாட்டினம் என்று நினைத்து அளவு கணக்கிட்ட ஆய்வேடுகள் ஏராளம். வெறும் அலுமினாவை அதே சூட்டில் சுட்டு, அதன் வரைபடத்தைக் கழித்துப் பாருங்கள். சீரியாவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே வாயு ஒட்டவைத்துப் பரவலை அளப்பதில் தொல்லை: அறை வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு சீரியாவிலும் கார்பனேட்டாக ஒட்டி, பரவல் நூறைத் தாண்டியும் காட்டும். உலர்பனியும் அசிட்டோனும் கலந்த குளிர்த்தொட்டியில், மைனஸ் 78 டிகிரியில், அளந்தால் அந்தப் பொய் குறையும்.

வினைச் சோதனைக்கு, 180 முதல் 250 மைக்ரான் வரை சலித்த 100 மில்லிகிராம் வினையூக்கியை 1 கிராம் குவார்ட்ஸ் மணலோடு கலந்து, 1 விழுக்காடு கார்பன் மோனாக்சைடும் 1 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ள வாயுவை நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றம் போதும். 1 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு முழுக்க எரிந்தால் வாயுவின் சூடு ஏறக்குறைய 95 டிகிரி உயரும். மணல் கலக்காமல் விட்டால் நீங்கள் அளப்பது வினையூக்கியின் திறனை அல்ல, குழாயில் பரப்பிய வினையூக்கிப் படுக்கையின் தீயை. சோதனை வாயுவில் இருப்பது பத்து லட்சத்துக்கு 10,000 பங்கு. பணியிட வரம்பாகப் பல இடங்களில் வைத்திருப்பது 25 முதல் 50 பங்கு. வெளியேற்றுக் குழாய் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். மேசை மேல் எச்சரிக்கை மணி இருக்க வேண்டும். மணமில்லாத வாயு, மூக்கை நம்ப முடியாது.

யாருக்கு எது

இரண்டு மாத ஆய்வுத் திட்டம், கையில் ஒரு குழாய் பர்னஸ் என்றால் அலுமினாவில் 450 காற்று, 300 ஹைட்ரஜன். இதையே அடித்தளமாக வைத்து, அதே மாதிரியின் ஒரு பங்கை 600-லும் ஒரு பங்கை 800-லும் சுட்டால், சூட்டின் விளைவு முழுவதும் மூன்றே மாதிரியில் தெரிந்துவிடும். ஐந்தாறு தாங்கிகளை ஒரே சூட்டில் ஒப்பிடுவதைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

அறைக் காற்றைச் சுத்தம் செய்ய, 100 டிகிரியை ஒட்டி வேலை செய்ய வேண்டும் என்றால் சீரியாவும் 275 டிகிரி ஒடுக்கமும். வேலைச் சூடு குறைவு என்பதால் எழுப்பிய நிலை நீடிக்கும்.

அரிசி ஆலையிலோ கல்யாண மண்டபத்திலோ ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு என்றால் முதலில் எந்த ஜெனரேட்டர் என்று கேட்க வேண்டும். டீசலில் கார்பன் மோனாக்சைடு குறைவு. முழுச் சுமையில் புகை 400 டிகிரிக்கு மேல் போகலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வரும் வாகன டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்குள் என்பதால் சீரியா சல்பேட்டாகும் கவலையும் குறைந்திருக்கிறது. பெட்ரோல் ஜெனரேட்டர் வேறு ரகம். புகையில் 3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு இருந்து, போதிய காற்றும் கலந்தால், வினையூக்கிப் படுக்கை 280 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறலாம். 450-ல் நுழைந்த வாயு 730-ஐ நெருங்கும். 450-ல் பக்குவமாகச் சுட்ட அலுமினா மாதிரி அங்கே முதல் வாரத்திலேயே தன் அளவை மறந்துவிடும். அங்கே 800 பார்த்து, நீராவியில் எழுப்பிய சீரியாவே நிற்கும். தயாரிப்பில் கொடுத்ததிலேயே உயர்ந்த சூடு, வேலை செய்யப்போகும் உச்சச் சூட்டைவிட 50 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பதை இந்தப் பயனுக்கு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் சுற்றின் டி-50-ஐ நம்பி எழுதாதீர்கள். மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றின் எண்கள் 2, 3 டிகிரிக்குள் ஒத்துப்போனால் மாதிரி நிலைத்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்துகொண்டே போனால் பக்குவம் இன்னும் முடியவில்லை, பர்னஸில் முடிய வேண்டியது ரியாக்டரில் நடந்துகொண்டிருக்கிறது. அப்போது அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, அதே தொகுதியின் புதுப் பங்கை 50 டிகிரி கூடுதலாகச் சுட்டு மறுபடி தொடங்குங்கள்.